வழிமொழிய ஆள் இல்லாத தீர்மானம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? நான் நலம். போன வாரம் லேசான காய்ச்சல். அறையிலேயே படுத்திருந்தேன், நல்ல ஓய்வு.

ஞாயிறன்று நம் கட்சியின் இங்குள்ள கிளைக் கூட்டம், எலெக்ட்ரீஷியன் அண்ணன் வீட்டு ஹாலில் நடந்தது. மாநாட்டுக்குக் கொள்கைத் தீர்மானங்கள் அனுப்ப வேண்டுமாம். ஆற்று நீர், வரி, இட ஒதுக்கீடு எல்லாம் கைதட்டலோடு நிறைவேறின. நானும் ஒன்று முன்மொழிந்தேன்: வெளிநாட்டில் தனியாக இருக்கும் உறுப்பினரை வாரம் ஒருமுறை கிளையிலிருந்து யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

"தம்பிக்குச் சீக்கிரம் பொண்ணு பாக்கச் சொல்லுங்கப்பா," என்றார் செயலாளர். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

"சரி, யாராவது வழிமொழியிறீங்களா?"

ஒருவரும் எழவில்லை. யாரும் வழிமொழியாத தீர்மானம் ஓட்டெடுப்புக்கே போகாதே. அடுத்ததற்குப் போய்விட்டார்கள்.

அங்கே நம் கிளையில் யார் எதை முன்மொழிந்தாலும் முதலில் எழுவது நீங்கள்தான். "எழுந்து நிக்கிறதுக்குன்னே பொறந்த மனுஷன்," என்று அம்மா கேலி செய்வாள். அன்றைக்கு அந்த ஹாலில் என் கண் உங்களைத் தேடியது.

என் பழைய போர்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். போனில் பேசி முடித்ததும் உடனே வைத்துவிடாதீர்கள், குக்கர் சத்தம் கொஞ்சம் கேட்கட்டும்.

வேலைக்கு ஏற்றிப்போகும் கிடங்கு வேன் வாசலில் ஹாரன் அடிக்கிறது. இன்னொன்று மட்டும். இதைப் படித்ததும் ஒரு தடவை எழுந்து வழிமொழிந்துவிடுங்கள். அம்மா சிரித்தால் சிரிக்கட்டும். முழங்கால் வலித்தால் உட்கார்ந்தபடியே சொல்லுங்கள், அதுவும் செல்லும்.

உங்கள் மகன்