பிரிக்காத பொட்டலம்

நாகமலை புதுக்கோட்டை,
ஆவணி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஈஸ்வரிக்கு,

சித்தி எழுதுகிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டே இருக்கிறோம், அப்படி இருக்கக் காகிதத்தை எடுத்துவைத்து எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அந்த அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பச்சைப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசினால் அப்பா என் தோளுக்குப் பின்னாலேயே நிற்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் கை தவறிக் குடும்பக் குரூப்பில் போய் விழுந்துவிடுமோ என்று பயம், போன மாதம் மளிகைக் கடைக்கு அனுப்ப வேண்டியது அங்கே போய், அரைக் கிலோ உளுந்துக்கு மாப்பிள்ளையின் பெரியப்பா கைகூப்பிய படம் போட்டிருந்தார். உனக்குத்தான் என்னைத் தெரியுமே, கல்லூரியில் தெரிந்த கேள்விக்கே எழுந்து நின்று பதில் சொல்லாமல் உட்கார்ந்தவள் நான். பேசச் சொன்னால் வராது, எழுதச் சொன்னால் கொஞ்சம் வரும்.

இந்தப் பார்சலில் கருப்பட்டி, பிரசவ லேகியம், வறுத்து அரைத்த சத்துமாவு, பிள்ளைக்கு விரிக்கத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வாயில் சேலைத் துண்டுகள் எல்லாம் வைத்திருக்கிறேன். லேகியத்தைச் சாப்பிடாமல் அலமாரியில் வைத்து அழகு பார்க்காதே. நீ நர்ஸ், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் தலைக்குக் குளித்தால் ஈரம் போகத் துவட்டு, பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்கு, பாத்திரம் கழுவ மாப்பிள்ளை இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் இருந்த முருங்கை போன வாரக் காற்றில் சாய்ந்துவிட்டது. கப்பலூரில் அப்பாவின் கம்பெனியில் இப்போது பிளாஸ்டிக் குடத்தை விட்டுவிட்டுப் பூந்தொட்டி அடிக்கிறார்களாம், உடைந்த தொட்டி இரண்டு வீட்டுக்கு வந்திருக்கிறது. உன் அத்தை மாயக்காளுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, வாய்க்கு மட்டும் ஒரு வலியும் இல்லை. பிள்ளைக்கு வைக்க நீ அனுப்பிய இரண்டாவது பெயரைக் கேட்டதும், "தன்விகாவா? என்னத்தா இது, இருமலுக்குக் குடிக்கிற மருந்து மாதிரி இருக்கு, இதுக்கு மூடியில அளந்துதான் கூப்பிடணுமோ" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

உன் அம்மாவின் பெயரை வைக்க உனக்கு ஆசை. உன் மாமியாருக்கு எண் பார்த்து எடுத்த தன்விகா. இளவயதில் போனவள் பெயர் பச்சைப் பிள்ளைக்கு எதற்கு என்று அவர் கேட்டது உனக்கு எவ்வளவு குத்தியிருக்கும் என்று அன்று போனில் உன் முகத்திலேயே தெரிந்தது, சரியாக இருந்த பிள்ளையின் குல்லாவை இரண்டு மூன்று தடவை சரிசெய்தாய். இரண்டு பக்கமும் மனம் கோணாமல் அழகர்கோவிலில் பூக்கட்டிப் பாருங்கள், சாமி சொல்வதை வைக்கிறோம் என்று நீயும் மாப்பிள்ளையும் சொன்னீர்கள். வெள்ளை அரளி வந்தால் அம்மா பெயர், செவ்வரளி வந்தால் தன்விகா. போனோம். செவ்வரளி வந்தது. அப்பா அங்கிருந்தே உனக்குப் போன் போட்டு, "சாமி சொல்லிருச்சு பாப்பா" என்றார். நீ சரிப்பா என்றாய். இதுவரை உனக்குத் தெரியும். இனி எழுதுவது தெரியாது.

அதற்கு முன்னால் இந்த வீட்டில் நான் எப்படி இருக்கிறேன் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், நீ சின்னப் பிள்ளையாக இருந்தாய், கவனித்திருக்க மாட்டாய். வருஷா வருஷம் தை மாதம் உன் அம்மாவுக்கு, நான் அக்கா என்று சொல்கிறவருக்கு, சேலை வைத்துக் கும்பிடுகிறோம் இல்லையா, படத்துக்கு முன்னால் புதுச் சேலை, பூ, வளையல், அவருக்குப் பிடித்த பால்கொழுக்கட்டை எல்லாம் வைத்து, கும்பிட்ட பிறகு அந்தச் சேலையை நான் கட்டிக்கொள்ள வேண்டும். நான் வந்த முதல் வருஷம் அதை உடுத்தும்போது கொசுவம் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. உன் அத்தைதான் மடிப்பைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத பேச்சி, அவளுக்கு வச்சத நீ கட்டுனாத்தான் அவ கட்டுன மாதிரி" என்றார். சேலையை எடுத்துக்கொள்ள அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதையும் அத்தைதான் செய்வார், "அழகம்மா, வந்து உடுத்திக்கத்தா" என்று மூன்று தடவை. மூத்தவள் பெயரை இளையவள் வாயால் சொல்லக் கூடாது என்று கல்யாணத்தன்றே எனக்குச் சொல்லிவிட்டார்கள், நானும் இன்றுவரை சொன்னதில்லை. அத்தை கூப்பிடும் நேரத்துக்கு அப்பா சரியாக வாசல் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொள்வார். யாரோ வருவதுபோல ரோட்டைப் பார்ப்பார். முடிந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அப்பா யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டு நீ கேட்டிருக்கிறாயா? யோசித்துப் பார். நீ பாப்பா. அத்தை அக்கா. மாப்பிள்ளை மாப்ள. கம்பெனியில் எல்லாரும் அண்ணே, தம்பி. நான் இந்தாம்மா. சில நாள் வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவர் வாயிலிருந்து "அ" என்று ஒரு சத்தம் வரும், வந்து நின்றுவிடும், கொஞ்ச நேரம் கழித்து இந்தாம்மா தண்ணி கொண்டா என்பார். அந்தச் சத்தத்துக்கு நான் எப்போதும் திரும்பிப் பார்ப்பேன். எனக்கு இல்லை என்று தெரியும், இருந்தாலும் யாராவது ஒருவர் திரும்ப வேண்டும் அல்லவா. வருத்தப்பட்டு இதை எழுதவில்லை ஈஸ்வரி. பழகிப்போனதை எழுதுகிறேன்.

கோவிலுக்குப் போன அன்று காலையில் அப்பாவே பூப்பறித்து, அப்பாவே வாழையிலைக் கிழிசலில் சுற்றி, வாழைநாரால் இரண்டு பொட்டலமாகக் கட்டினார். நான் கட்டுகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் சட்டைப்பையைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தார். அத்தையின் கையிலிருந்த வாழைப்பழத்தைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது, "சாமி கும்பிட வந்தவகிட்டயே வசூல் பண்ணுது பாரு" என்று அத்தை திட்டியதற்குச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பெருமாள் சன்னதியில் வைத்துப் பார்க்கலாம் என்று அப்பா சொன்னார். அத்தைதான் விடவில்லை, பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் வைத்தால்தான் பின்னால் ஒருவரும் பேச முடியாது என்றார். சந்தனம் பூசிய அந்தக் கதவுக்கு முன்னால் பொட்டலங்களை வைக்கும்போது அப்பாவின் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது, வெயில் இல்லை. கும்பிட வந்திருந்த ஒரு குடும்பத்துச் சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னோம். சிவப்பு. பிரிக்காத மற்ற பொட்டலத்தை மரத்தடியில் போட்டுவிட்டு வரச் சொல்லி அத்தை அப்பாவிடம் கொடுத்தார். திரும்பும்போது அப்பா கோவில் தோசை வாங்கினார், பிட்டு வாயில் வைக்கவில்லை.

மறுநாள் துவைக்கப் போட்ட சட்டையின் பையில் அந்தப் பொட்டலம் இருந்தது. மரத்தடியில் போடவில்லை. வாடியிருந்த இலையைப் பிரித்தேன். உள்ளே இருந்ததும் செவ்வரளி. தாவரவியல் படித்தவளுக்கு ஒரு பூவைப் பார்த்து என்ன பூ என்று தெரியாதா, இருந்தாலும் வெள்ளைதான் வாடி நிறம் மாறிவிட்டதோ என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன். கால் கழுவ வந்த அப்பா துவைக்கிற கல்லில் அது கிடப்பதைப் பார்த்துவிட்டார். எனக்குக் கேட்க வராது. அவராகவே குழாயை மூடிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். "கருப்பு முன்னாடி பொய் பண்ணிட்டேம்மா. கேட்டா என்னையத்தான கேக்கும், பிள்ளைய ஒண்ணும் செய்யாதுல்ல?" என்றார். செய்யாது என்றேன். பிறகு சொன்னார், "அந்தப் பேரை வச்சா சும்மா இருப்பாய்ங்களா, விடிஞ்சா அடைஞ்சா போன்ல அதைத்தான் கூப்பிடுவாய்ங்க. என்னையும் கூப்பிடச் சொல்லுவாய்ங்க. கடைசியா அந்தப் பேரைக் கூப்பிட்டது நாந்தான். காச்சல்ல கண்ணு மூடிக் கெடந்தா. எம்புட்டோ தரம் கூப்பிட்டேன். எந்திரிக்கல." அவ்வளவுதான். எழுந்து ஈரக் காலோடு உள்ளே போய்விட்டார். அக்கா காய்ச்சலில் கிடந்த அந்த வாரம் உன்னை அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள், அதனால் இது உனக்குத் தெரிந்திருக்காது.

அன்றிலிருந்து அவர் சரியில்லை. குக்கர் சத்தம் போட்டால் திடுக்கிடுகிறார். சாப்பிடும்போது படத்துக்கு முதுகு காட்டி உட்காருகிறார், முன்பு அப்படி உட்கார மாட்டார். பரிகாரம் ஏதும் உண்டா என்று அத்தையிடம் யாருக்கோ கேட்பதுபோல விசாரித்திருக்கிறார், அத்தை என்னிடம், "உன் வீட்டுக்காரனுக்கு என்னடி ஆச்சு, பேயறைஞ்ச மாதிரி திரியுறான்" என்றார். நான் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன், ஏனென்றால் உனக்குச் சாமி பதில் சொல்லவில்லை. டிகிரி படித்தவள் பூவை நம்பலாமா என்று கேட்பாய். நம்புகிறேனா என்று எனக்கே தெரியாது, ஆனால் நீ நம்பிக் கேட்டாய், கேட்டவளுக்கு உண்மை தெரிய வேண்டும். இன்னொன்றையும் மறைக்கவில்லை, கோவிலில் சிவப்பைப் பார்த்தபோது ஒரு நிமிடம் எனக்கும் இலேசாக இருந்தது. இந்த வீட்டுக்கு அவருடையது இல்லாத ஒரு பெயர் வருகிறதே என்று. துவைக்கிற கல்லில் அந்தப் பூவைப் பார்த்த பிறகு அந்த இலேசு போய்விட்டது.

உன் மாமியாரின் பயம் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன், பச்சைப் பிள்ளை விஷயம். ஆனால் அதற்குப் பதில் சொல்ல இந்த உலகத்தில் என்னைவிடத் தகுதி உள்ளவர் இல்லை என்று நினைக்கிறேன். அக்காவை நான் நேரில் பார்த்ததில்லை. அவருக்கு வைத்த சேலைக்குள் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். அவர் துவைத்த கல்லில் துவைக்கிறேன், அவர் பெற்ற பிள்ளைக்குத் தலை பின்னினேன். ஒரு நாளும் அவர் எனக்குக் கெடுதல் நினைத்ததாகத் தோன்றியதில்லை. முதலில் பின்னால் யாரோ நிற்பதுபோல இருக்கும், அடுப்படியில் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். இப்போது அந்த இடத்தை விட்டு ஒதுங்கி நடக்கிறேன், ஒருவர் இருந்தால் ஒதுங்குவோமே அப்படி. தையில் அந்த ஒரு நாள் தவிர ஒருவரும் கூப்பிடாததால்தான் அவர் நின்றுகொண்டே இருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. உட்காரச் சொல்ல ஆள் இல்லை.

மாப்பிள்ளையிடம் பக்குவமாகப் பேசு, அவர் நல்லவர், புரிந்துகொள்வார். அப்பாவிடம் நான் எழுதியதைச் சொல்லாதே, பூவைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காதே. சாமி சொன்னதையும் தாண்டி மனம் கேட்கவில்லை என்று மட்டும் சொல், கோபிக்க மாட்டார். சத்துமாவு டப்பாவை ஈரக் கையால் திறக்காதே. மீனாட்சி துணையிருந்து உன் பிள்ளை நிறைந்த ஆயுளோடு, பல் விழுந்து நரைத்து, உன்னையே அதட்டும் கிழவியாகும்வரை இருக்க வேண்டும். நீயும் மாப்பிள்ளையும் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

எந்தப் பெயர் என்று சொல்வது என் இடம் இல்லை என்றுதான் எழுத உட்கார்ந்தேன். இவ்வளவு எழுதிய பிறகு கேட்டுவிடுகிறேன். அழகம்மாள் என்றே வை ஈஸ்வரி. வாயால் சொல்லாததைக் கையால் எழுதிவிட்டேன், அக்கா பொறுத்துக்கொள்வார். பிள்ளைக்கு வைத்துவிட்டால் அது பிள்ளை பெயர், யாரும் சொல்லலாம் என்று அத்தை சொல்கிறார், நானும் கூப்பிடுவேன். ஆனால் பெயர் வைக்கிற அன்று முதலில் நீ சொல்லாதே, மாப்பிள்ளையும் சொல்ல வேண்டாம். பிள்ளை அரைத் தூக்கத்தில் இருக்கும்போது போனில் எங்களைக் கூப்பிட்டு, போனைப் பிள்ளையின் காதருகே வைத்து, முகம் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு, உன் அப்பாவை மூன்று தடவை கூப்பிடச் சொல். நீ கேட்டால் மறுக்க மாட்டார். முதல் தடவை குரல் வராது, அவசரப்படுத்தாதே, போனை எடுத்துவிடாதே, நான் பக்கத்தில் இருப்பேன். அந்தப் பெயரைக் கூப்பிட்டால் ஒருத்தி கண்ணைத் திறப்பதை அவர் ஒரு தடவை பார்க்கட்டும்.

உன் சித்தி,
முத்துப்பேச்சி