மூன்றாவது மாடியில் ஒரு ஸ்டூல்

ஏப்ரல் 22, செவ்வாய்

லிஃப்ட் ஓடவில்லை. மூன்று மாடியும் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு போனால், நதியா அக்கா எங்களுக்கு முன்னாலேயே ஏறிப்போய் அடுக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் சூப்பர்வைசர், துடைக்கவே வேண்டாம். மற்ற மாடிகளில் விரலைத்தான் நீட்டுவார்கள்.

கடை திறப்பதற்கு முன் எங்கள் மாடிப் பெண்கள் ஆறு பேரும் வட்டமாக நிற்போம். அக்கா ஒரு தடவை கை தட்டுவார். பிறகு ஏதாவது பேசுவார். இன்றைக்குச் சொன்னது: "ஒரு பொண்ணு ஆயுசுல ஒரு வாட்டிதான் முகூர்த்தப் பொடவ எடுக்கும். அத எடுத்துக் குடுக்குறது உங்க கை. தூங்குமூஞ்சிக் கையால குடுக்காதீங்கடி."

"கை தூங்கலக்கா, கால்தான் செத்துப்போச்சு" என்றாள் இளவரசி.

எல்லாரும் சிரித்தோம். அக்காவும்தான். அவர் பேசி முடித்தால் பட்டுப்புடவை விற்கிற வேலை பெரிய வேலை மாதிரி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்கு அப்படித் தோன்ற வைத்ததில்லை. அம்மாவுக்குக் கை உடைந்தபோது வீட்டு வேலைக்காகப் பதினொன்றாம் வகுப்போடு நின்றவள் நான், கை கூடிய பிறகும் திரும்பிப் போகவில்லை. எழுந்து பதில் சொல்லப் பயம்.

ஏப்ரல் 24, வியாழன்

இரவு கணுக்காலை அமுக்கினால் பள்ளம் விழுகிறது. விரலை எடுத்தாலும் பள்ளம் அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்றைக்கு நான் பேசினேன்!

என் வேலை புடவையை என் தோளில் போட்டுக் காட்டுவது. வாய் திறக்க வேண்டாம் என்றுதான் அக்கா எனக்கு அதைக் கொடுத்திருந்தார். செய்யாறிலிருந்து ஒரு பார்ட்டி, கல்யாணப் பெண்ணோடு பதினோரு பேர். பெண்ணின் அம்மா கத்திரிப்பூக் கலர் ஒன்றைக் காட்டி, "இது ரிசப்ஷனுக்கு எடுப்பா இருக்குமா?" என்றார். அக்கா பதில் சொல்வார் என்று பார்த்தேன். அக்கா காது கேட்காதவர் போல மடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா என்னையே பார்க்கிறார். "ராத்திரி லைட்டுல கறுப்பாத் தெரியும்மா, வேணாம்" என்று சொல்லிவிட்டேன். பெண் சிரித்துவிட்டாள். நான் எடுத்துக் கொடுத்த மாம்பழ மஞ்சளைத்தான் வாங்கினார்கள்.

அக்காவும் நானும் ஒரே பஸ்தான். எங்கள் ஊர் திருப்புட்குழி, அவர் இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளி. பஸ்ஸில் என் கன்னத்தைக் கிள்ளி, "இன்னாடி, வாய்க்குள்ள எம்மாம் பேச்ச வச்சிக்கினு இருந்த?" என்றார்.

இவருக்காக நான் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் நிற்பேன்.

மே 1, வியாழன்

சங்கீதா கொஞ்சம் அடுக்கில் சாய்ந்தாள். அவ்வளவுதான். மேனேஜர் வேலாயுதம் சார் ஸ்கேலால் கவுண்டரில் ஓங்கித் தட்டினார். "சாஞ்சா கடைக்கே சீக்கு வந்தாப்ல இருக்கும்."

அக்கா அவர் பின்னாலேயே இறங்கிப் போனார். நாங்கள் மாடிப்படியில் நின்று கேட்டோம்.

"குந்துறதுக்கு இடம் குடுக்கணும்னு சட்டமே இருக்குது சார். ஆளுக்கொரு ஸ்டூல். பார்ட்டி இல்லாதப்ப குந்திக்கட்டும்."

"சட்டத்தக் கொண்டாந்து கவுண்டர்ல விரி. யாராவது எடுக்கறாங்களா பாப்போம்."

அக்கா சிவந்த கண்ணோடு மேலே வந்தார். சாப்பாட்டு வேளையில் எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு முதலாளி மாடி மாடியாகப் பார்த்துக்கொண்டு வருவார். அக்கா கை தட்டியதும் ஆறு பேரும் நின்ற இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். அவரும் உட்காருவார். முதலாளி காரணம் கேட்டால் அவரே பேசுவார்.

"வேலய விட்டுத் தூக்கிட்டா?" என்றாள் சங்கீதா. அவள் வீட்டில் தறி ஓடி ஒரு வருஷம் ஆகிறது. இந்த வேலைதான் சோறு போடுகிறது.

"முகூர்த்த சீசன்ல ஆறு பேரையும் தூக்கினா பொடவய யாரு பிரிப்பா, அவரா? ஒருத்தி குந்துனா திமிருன்னுவான். ஆறு பேரும் குந்துனா இன்னா சொல்லுவான்?"

இளவரசி விசில் அடித்தாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மே 4, ஞாயிறு

எழுத வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நாலு மணிக்கு முதலாளி வந்தார். ஒரு பக்கம் வேலாயுதம் சார், இன்னொரு பக்கம் நதியா அக்கா. முதலாளி ஒரு புடவையைப் பார்த்துவிட்டு அக்காவிடம் கொடுத்தார். இன்னொன்றையும் கொடுத்தார். ஆறு பேரும் அக்காவையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அவர் தட்டவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தார். முதலாளி படிப்பக்கம் திரும்பிவிட்டார்.

இரண்டு கையிலும் புடவை இருக்கிறதே, எப்படித் தட்டுவார் என்று நினைத்தேன். யாராவது தொடங்குங்கள் என்றுதான் என்னைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவருக்காக — யார் முகத்தையும் பார்க்காமல் — உட்கார்ந்துவிட்டேன்.

யாரும் உட்காரவில்லை. தரையிலிருந்து பார்த்தால் எல்லார் காலும் நின்றுகொண்டிருந்தது. அவர் காலும்.

"இன்னாது இது?" என்றார் முதலாளி.

"மயக்கம் சார்" என்றார் அக்கா. ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "காலைல சாப்புடாம வந்துருக்குது. இந்தக் காலத்துப் பொண்ணுங்க சார்."

ஓடி வந்து என் தலையைத் தன் மடியில் சாய்த்துத் தண்ணீர் தெளித்தார். யாரோ சோடா கொண்டு வந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

காலையில் பஸ்ஸில் அவர் டப்பாவிலிருந்துதான் இரண்டு இட்லி சாப்பிட்டேன். அவரே பிட்டுக் கொடுத்தது.

மே 5, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. "நெஜமாவே மயக்கமாடி?" என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன். கடைசியில் நானும் அதையே சொல்லிவிட்டேன்.

மே 7, புதன்

போனேன். கவுண்டருக்குப் பின்னால் நீல பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று. முதலாளி அனுப்பியதாம், மயக்கம் வருகிற பெண்ணுக்கு. வேறு யாரும் உட்காரக் கூடாது.

காலையில் வட்டம் இல்லை. கை தட்ட நதியா அக்கா இல்லை. கீழே கண்ணாடி அறையில் இருக்கிறார். இனி எல்லா மாடிக்கும் மேனேஜர் அவர்தான். வேலாயுதம் சார் புதுக் கிளைக்குப் போகிறார்.

"அக்காதான் மேனேஜர்னு எப்போ சொன்னாங்களாம்?" என்று சங்கீதாவைக் கேட்டேன்.

"சனிக்கெழமயே. ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு எறங்குனப்போ அக்கா எங்க காதுல சொன்னாங்க, இன்னிக்கு வேணாம், அப்பறம் பாத்துக்கலாம்னு. நீ அந்தப் பெரிய பார்ட்டிகிட்ட மாட்டிக்கினு இருந்த. ஒனக்கும் சொல்லிட்டாங்கன்னு நெனச்சோம்டி."

எனக்குச் சொல்ல நேரம் இல்லையா? அந்த ஒரு பார்வை — உட்காராதே என்றா?

மே 8, வியாழன்

அக்காவைப் படியில் பிடித்துக் கேட்டேன்.

"எனக்கு மட்டும் ஏன்க்கா சொல்லல?"

"சொல்ல வந்தேன், நீ பார்ட்டிகிட்ட இருந்த. நீ குந்துவன்னு எனக்கு இன்னா தெரியும்? நீயா? வாயே தொறக்காத பொண்ணு!" சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மயக்கம்னு சொல்லலேன்னா அன்னிக்கே வேல போயிருக்கும். உன்ன காப்பாத்துனதே நான்தான். மேனேஜராவே ஆயிட்டேன், ஒன்னொன்னா செய்வேன். கொஞ்சம் பொறும்மா."

அதே குரல். அந்தக் குரலைக் கேட்டதும் நம்பிவிடத்தான் தோன்றியது. அதுதான் வயிற்றெரிச்சல். அன்றைக்குப் பேசியதெல்லாம் நடிப்பு என்றால்கூடத் தேவலை. சிவந்த கண் நிஜம். எனக்குத் தெரியும். நிஜமாக இருந்துகொண்டே எப்படி விட்டுவிட முடிகிறது?

சாயங்காலம் அவர் ஏறிய பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்தேன்.

மே 11, ஞாயிறு

நான் ஸ்டூலில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பொய் நிஜமாகிவிடும். நாலு நாளாக அது சும்மா கிடந்தது.

இன்றைக்குப் பார்ட்டி மேல் பார்ட்டி. மூன்று மணிக்கு இளவரசி, "ஐயோ, எனக்கும் மயக்கம் வருதுப்பா" என்று நெற்றியில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் பொத்தென்று விழுந்தாள். அடுத்து சங்கீதாவுக்கு மயக்கம். அப்புறம் வரிசையாக எல்லாருக்கும். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பில்தான் வந்ததா?

"மயக்கம் மேடம், இப்ப உங்க டர்ன்" என்றாள் இளவரசி. உட்கார்ந்தேன். அப்பா! கால் எனக்குத் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

மே 21, புதன்

முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார், கூடவே நதியா அக்கா. ஸ்டூலில் சங்கீதா. அவள் எழுவதற்குள் அக்கா, "ஏய், அது மயக்கம் வர்ற பொண்ணுக்குத்தான? நீ ஏன் குந்துன?" என்று அதட்டினார். சங்கீதாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"எது அந்தப் பொண்ணு?" என்றார் முதலாளி.

"நான் சார்." நாக்கு ஒட்டிக்கொண்டது. பிரித்துப் பேசினேன். "எனக்கு மயக்கம் வரல சார். அன்னிக்கும் வரல. கால் வலிச்சுது, குந்துனேன். எல்லாருக்கும் வலிக்குது சார்."

அக்காவைப் பார்க்காமல்தான் சொன்னேன். அவர் சொன்னது பொய் என்று சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்துவிட்டது. முதலாளி அவர் பக்கம் திரும்பி, "இன்னாம்மா இது, பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

மே 22, வியாழன்

காலையில் ஸ்டூல் இல்லை. மேனேஜர் எடுக்கச் சொன்னாராம்.

மே 23, வெள்ளி

மத்தியானம் கூட்டம் குறைந்தது. யாரும் முன்கூட்டி எதுவும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. மடித்த புடவைகளை அடுக்கிவிட்டு நான் கவுண்டருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் சங்கீதா உட்கார்ந்தாள். நான் அவளைக் கூப்பிடவில்லை. பிறகு இளவரசி, காலை நீட்டிக்கொண்டு. பிறகு மற்ற மூன்று பேரும்.

கொஞ்ச நேரத்தில் நதியா அக்கா படியேறி வந்தார். லிஃப்ட் மறுபடி ஓடவில்லை போலிருக்கிறது, முகமெல்லாம் வேர்வை. எங்களைப் பார்த்தார். யாரும் எழவில்லை. அவர் அதட்டவும் இல்லை. ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பார்ட்டி வந்தா எழுந்துக்கோங்க" என்றார் கடைசியில்.

"சரிக்கா" என்றாள் சங்கீதா.

அவர் உடனே போகவில்லை. கவுண்டரில் ஒரு கையை ஊன்றி, ஒரு காலைத் தூக்கி மற்றக் காலில் தேய்த்துக்கொண்டார். கணுக்கால் என்னுடையதைவிட வீங்கியிருந்தது. என் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. அதையும் பார்த்தார்.

'குந்துங்கக்கா' என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. கூச்சத்தால் அல்ல.

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.