கட் ஆகுது என்று நீங்கள் சொன்னது

அண்ணே,

காலையிலேயே ஜங்லிகாட் கடைத்தெருவில் கரண்ட் போய்விட்டது. கடையில் என் மேசைக்கடியில் யுபிஎஸ் கீ கீ என்று கத்துகிறது. என் பேச்சைக் கேட்டு நீங்கள் வாங்கியது. போன மாதம் உங்கள் வீட்டு அக்கா கொண்டுவந்து வைத்துவிட்டு, "இனிமே இது வீட்ல எதுக்கு தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதை அணைக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை போக மிச்ச நேரத்தில் நானும் எங்கெங்கோ இருக்கும் நாலைந்து பேரும் சேர்ந்து எழுதுகிற அந்தப் பாட்டுப்பதிவு மென்பொருளை உங்கள் தலையில் கட்டியது நான்தான். திறந்த மூலம், யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று பீற்றிக்கொண்டேன். "வாசிச்சுப் பார்த்துக் குறை சொல்லுங்கண்ணே" என்றேன். எனக்கு அது சோதனை. உங்களுக்கு அப்படியில்லை. குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆபரேஷனுக்காகத் தீவைவிட்டு மெயின்லேண்ட் போவதற்குள் அக்காவுக்குப் பிடித்த பத்துப் பாட்டைப் பாடி வைத்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு நாலு வரிக்குமேல் தொண்டை தாங்காது.

"தம்பி, நடுவுல கட் ஆயிடுது. க்யா கரூன், என்ன பண்றது?" என்று போனில் கேட்டீர்கள். நம் ஊரில் கட் என்றால் கரண்ட்தானே? யுபிஎஸ் போடச் சொன்னேன். போட்டீர்கள். "ஃபிர் பி, அப்பவும் கட் ஆகுது தம்பி." பேட்டரி வீக்காக இருக்கும் என்றேன். குறைப்பட்டியலில் 'மின்தடை' என்று எழுதி, பிழை இல்லை என்று மூன்று முறை மூடினேன். ஃபேன் ஓடுதாண்ணே என்று ஒரு தடவை கேட்டேனா? மடையன்!

ஃப்ளைட்டுக்கு முந்தின நாள்தான் மின்னி பேயில் உங்கள் வீட்டுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். தலைக்கு மேல் ஃபேன் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. எட்டாவது பாட்டில் ஒரு வரி பிசகியது. வலது கையால் அந்த வரியை அழித்தீர்கள். இடது கைச் சுண்டுவிரல் கீபோர்டில் சுருதியை அழுத்தியபடியே இருந்தது. நாற்பது வருஷம் பஜனைக்கு ஹார்மோனியம் வாசித்தவர் சுருதியை விடுவாரா? நாங்கள் எல்லோரும் கையை எடுத்துவிட்டுத்தான் அழிப்போம். அதனால் எங்கள் ஒருவருக்கும் இந்தப் பிழை அகப்படவேயில்லை. அழித்த வரியின் நினைவக இடத்தை மென்பொருள் விட்டுக்கொடுத்துவிட்டது. ஒலித்துக்கொண்டிருந்த சுருதியோ, காலி செய்த வாடகை வீட்டுக்குள் பழைய சாவியோடு நுழைகிறவன் மாதிரி அங்கேயே போய் நின்றது. திரை அணைந்தது. திரும்பத் திறந்தால் கோப்பே சிதைந்திருந்தது. ஏழு பாட்டும் போச்சு.

நீங்கள் கிளம்பிப் போன இரண்டு நாளில் திருத்திவிட்டேன். இரண்டே வரி. மூன்றாவது வாரம் சென்னையிலிருந்து அக்கா மட்டும் திரும்பி வந்தார்.

இப்போதெல்லாம் யார் என்ன குறை சொன்னாலும், பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர்கள் கையைப் பார்க்காமல் நான் எதையும் மூடுவதில்லை. நல்ல பேர்தான் வாங்குகிறேன். எரிச்சலாக இருக்கிறது அண்ணே.

அக்கா பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்: "ஒரு பாட்டாவது தேறுச்சா தம்பி?" இல்லைக்கா என்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் பிழையைப் பிடிக்க அன்று உங்கள் திரையை என் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அதில் நான் அழுவது கேட்கிறது. பிறகு உங்கள் குரல். அக்காவிடம் அதைக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. ஆபரேஷனில் எது போகும் என்று தெரிந்தே, என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறீர்கள்:

"அழாத தம்பி. கோயி பாத் நஹீ, பரவாயில்ல. வந்து மறுபடி பாடிக்கிறேன்."