மல்லிகை வேண்டாம்

என்னங்க,

போனில் சொன்னால் கத்துவீர்கள், அதனால் எழுதுகிறேன். பால் வற்றட்டும் என்று உங்கள் அம்மா தினமும் வில்லியனூரிலிருந்து மல்லிகை வாங்கிவந்து என் மார்பில் வைத்துக் கட்டுகிறார். நானும் தினமும் அவிழ்த்துப் போடுகிறேன். பூக்காரிக்குத்தான் கொண்டாட்டம்.

பாலை ஆஸ்பத்திரியின் தாய்ப்பால் வங்கியில் கொடுத்து வருகிறேன். நாம் எட்டி எட்டிப் பார்த்த அதே கண்ணாடிப் பெட்டியில் இப்போது வேறொரு குழந்தை கிடக்கிறது. அதன் அம்மாவுக்குப் பால் இல்லை.

"ஊரான் வூட்டுப் புள்ளைக்கு இன்னாத்துக்குடி குடுக்கற?" என்கிறார் அத்தை. நம் தொட்டில் புடவையை அன்றைக்கே அவிழ்த்து மடித்து வைத்தவரும் அவர்தான். நீங்களோ போன் எடுத்தாலே "மறந்துடு, மறந்துடு" என்கிறீர்கள்.

எனக்குச் சொல்லிவிட்டீர்கள், சரி. வேளை தவறாமல் சுரக்கிற இந்தப் பாலிடம் யார் சொல்வது, வீட்டில் குடிக்க ஆள் இல்லையென்று? நீங்களே வந்து சொல்லிப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி