துண்டு விழுந்தது

ஜனவரி 9

என் அருமைப் பேத்தி முரட்டுக்குட்டிக்கு,

அன்று அங்கே இருந்தவர்கள் இவர்கள்தான். ரிங்குக்குள்ளே நீ, உனக்கு எதிரே அந்த ஒட்டவெட்டின முடிக்காரி, வெள்ளைச் சட்டை நடுவர். கயிற்றுக்கு வெளியே உன் மூலையில் மாஸ்டரும் தண்ணீர் பாட்டில் பிடிக்கிற ஓட்டைப்பல்லனும். அவர்கள் முதுகுக்குப் பின்னால் முக்காலியில் நான், காலடியில் வாளி, மடியில் நான் துவைத்து மடித்த எட்டுத் துண்டு. எதிரே புள்ளி போடுகிற ஐந்து பேர். கொட்டாவி விட்டுக்கொண்டு ஒரு டாக்டரம்மா. மூன்றாம் வரிசை ஓரத்து நாற்காலியில் உன் அப்பன். உன் அம்மா வரவில்லை. நீ அடி வாங்குவதை அவளால் பார்க்க முடியாது.

யாரும் விட்டுப்போகவில்லை. நான் எதையும் மறக்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

இது மூன்றாவது கடிதம். முந்தைய இரண்டுக்கும் பதில் இல்லை. முகாமில் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்றாய், சரி. கடிதத்தை யாரும் வாங்கி வைக்க மாட்டார்கள். அது உன் கட்டிலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நீயாகக் கிழித்தால்தான் போகும்.

அவள் உன் இடது விலாவில் குத்தின சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஈரப் போர்வையைக் கல்லில் அறைகிற சத்தம். ஒரே இடத்தில் நான்கு தடவை. ஐந்தாவது மூக்கில். ரத்தம் வாயில் இறங்கி, பல் காப்பில் சிவந்து, நீ சிரிக்கிற மாதிரி இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு துண்டை வீசினேன், அவ்வளவுதான். அது விழுந்தால் ஆட்டம் முடிந்தது என்று ஒரு சட்டம் இருப்பது ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? நடுவர் இரண்டு கையையும் ஆட்டி நிறுத்தினார். நீ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அவள் குத்தே தேவலை.

நான் படித்தது மூன்றாம் வகுப்புவரை. பிழை திருத்தியவள் உன் அம்மா. அவள் நலம். இடது பக்கம் நின்று கூப்பிட்டால் இப்போதும் திரும்ப மாட்டாள். சலவைக்கூடத்தில் நீராவிக் குழாய் வெடித்து மேஸ்திரிக்குக் கழுத்து வெந்துவிட்டது. அவனுக்கு வேண்டியதுதான், போன வருஷம் என் விடுப்பை வெட்டினவன்.

ஒரு வரியாவது போடு.

உன் பாட்டி

*

ஜனவரி 28

பாட்டிக்கு,

ஒரு வரி கேட்டாய். கோபத்தில் இருக்கிறேன். அந்த ஒரு வரி இதுதான்.

இரண்டு சுற்றிலும் நான்தான் முன்னால் இருந்தேன். இன்னும் ஐம்பது விநாடி. மூக்கு உடைந்தால் உடையட்டும், நின்றிருந்தாலே ஜெயித்திருப்பேன். எட்டு வருஷம் நான் ஓடின ஓட்டத்தை நீ முக்காலியில் உட்கார்ந்தபடி நிறுத்தினாய்.

அந்தத் தோல்வியால் இங்கே நான் மாற்று ஆள். மாற்று ஆள் என்றால் என்ன தெரியுமா? தேர்வானவர்கள் குத்திப் பழக ஒரு உடம்பு. காலையில் எட்டுக் கிலோமீட்டர் ஓட்டம், அப்புறம் கயிறு, அப்புறம் மணல் மூட்டை, அப்புறம் நானே மூட்டை. என் எடைப் பிரிவில் தேர்வானவளுக்கு இங்கே பெயர் சுத்தியல். நேற்று அவள் குத்தியதில் வாந்தி எடுத்தேன். வாயைக் கழுவிக்கொண்டு திரும்ப ஏறினேன். ஏறாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சிறுநீரில் ரத்தம் வந்தது, யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் நீயும் சொல்லாதே.

கோச்சம்மா என்னிடம் ஒன்று கேட்டார். "உன் இடது கையை ஏன் காதுகிட்டயே ஒட்டவெச்சிருக்கே? விலா பூராத் திறந்து கெடக்கு. காதுல என்ன புதையலா இருக்கு?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்கே தெரியவில்லை. இறக்கு இறக்கு என்று கத்துகிறார். இறக்கினால் உடம்பெல்லாம் கூசுகிறது.

இனி என் எந்த ஆட்டத்துக்கும் நீ வர வேண்டாம்.

பேத்தி

*

பிப்ரவரி 14

முரட்டுக்குட்டிக்கு,

வர வேண்டாம் என்றால் வரவில்லை. சிறுநீரில் ரத்தம் வந்தால் டாக்டரிடம் போ. போகாவிட்டால் நான் அங்கே வந்து நிற்பேன், அப்புறம் உனக்குத்தான் மானக்கேடு.

இந்தக் கடிதத்தை உன் அம்மாவிடம் காட்டவில்லை. பிழைகளைப் பொறுத்துக்கொள். உன் இடது கை ஏன் காதில் ஒட்டியிருக்கிறது என்று கோச்சம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

உனக்கு அப்போது ஆறு வயது. மேஜைக்கு அடியில் பொம்மையோடு உட்கார்ந்திருந்தாய். நான் ஜன்னலோரம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். உன் அப்பன் எங்கேயோ கிளம்ப நீலச் சட்டையை எடுத்தான். முதுகில் தீய்ந்த அடையாளம், பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்திருந்தது. "யாருடி இதைத் தீய்ச்சது?" என்று உன் அம்மாவைக் கேட்டான். அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். அவன் வலது கையால் அறைந்தான். அவள் இடது காதில். அவள் சுவரில் மோதி நின்றாள். மறுபடி அதே இடம். மூன்றாவது அறையில் காதிலிருந்து ரத்தம் தோளுக்கு வந்தது. நீ பொம்மையைப் போட்டுவிட்டு உன் இடது காதைப் பொத்திக்கொண்டாய். அவளுக்கு வலித்த இடத்தில் நீ கையை வைத்தாய். அது இன்னும் அங்கேயே இருக்கிறது, அவ்வளவுதான்.

பிறகு நான் என்ன செய்தேன் என்பதும் உனக்குத் தெரிய வேண்டும். இஸ்திரிப் பெட்டியை அப்படியே கொண்டுபோய் அவன் முழங்கையில் அழுத்தினேன். மூன்று எண்ணும்வரை பெட்டியை எடுக்கவில்லை. தோல் பெட்டியோடு வந்தது. அவன் போட்ட கூச்சலில் தெருவே வாசலில் நின்றது. அன்று வெளியே போனவன்தான், நம் வீட்டுப் படியை அதற்குப் பிறகு மிதிக்கவில்லை. நீ அதற்குள் மேஜைக்கு அடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டதால் இதைப் பார்க்கவில்லை.

அந்தக் காது போய்விட்டது, கண்ணு. நீ காவல் காத்தாலும் வராது. கையை இறக்கு.

உன் பாட்டி

*

மே 20

அன்புள்ள பாட்டிக்கு,

உன் கடிதத்தை மூன்று மாதம் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். டாக்டரிடம் போனேன், இப்போது சரியாகிவிட்டது.

கோச்சம்மாவிடம் காது விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் ஒரு நாடாவைக் கொண்டுவந்து என் மணிக்கட்டையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டினார். கை கன்னத்துக்கு மேலே போகாது. அப்படியே சுத்தியலோடு இறக்கிவிட்டார். முதல் வாரம் அந்த இடது காதில் எத்தனை குத்து வாங்கினேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு குத்துக்கும் உள்ளே ஒரு ரயில் போகும். ஒவ்வொரு தடவையும் ரயில் போன பிறகு காது கேட்டது. அதுதான் எனக்கு ஆச்சரியம். அடி விழுந்தும் கேட்கிறது. நாற்பது நாள் கழித்து நாடாவை அவிழ்த்தார். கை மேலே போகவில்லை.

போன மாதம் சுத்தியலுக்குக் கட்டைவிரல் முறிந்தது. மாற்று ஆள் நான்தானே. மூன்று ஆட்டம் ஆடினேன். முதலாமவளைப் புள்ளியில் ஜெயித்தேன். இரண்டாமவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது யார் தெரியுமா? உன் ஒட்டவெட்டின முடிக்காரி. பழைய ஞாபகத்தில் விலாவைத் தேடி வந்தாள். அங்கே என் முழங்கை இருந்தது. அவள் முகம் திறந்திருந்தது. கடைசிச் சுற்றில் அவள் புருவம் பிளந்து என் கையுறையெல்லாம் ரத்தம். எண்ணி முடிப்பதற்குள் எழுந்தாள், திரும்ப விழுந்தாள். அவள் அம்மா கூட்டத்தில் அழுததைப் பார்த்தேன். ஜெயித்தது சந்தோஷம்தான். அன்று இரவு தட்டில் இட்ட சோற்றை இறக்க முடியவில்லை.

இப்போது அணியில் என் பெயர் முதலில் இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். வாழ்த்துச் சொல்ல மாஸ்டர் பேசினார். பேச்சோடு பேச்சாக, "துண்டு விழுந்தா ஆட்டம் முடிஞ்சுதுன்னு உங்க பாட்டிகிட்ட முதல் நாளே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே" என்றார். உண்மையா? உனக்குத் தெரிந்துதான் வீசினாயா?

அன்புடன்,
முரட்டுக்குட்டி

*

ஜூன் 6

கண்ணு,

தெரிந்துதான் வீசினேன்.

துடைக்கத்தான் வீசினேன் என்று நான் எழுதியது பொய். மாஸ்டர் அன்று காலையிலேயே சொன்னார். "பாட்டி, மடியில வெச்சிருக்கறது துணி இல்ல, துப்பாக்கி. பத்திரம்" என்றார்.

அவள் உன்னை நான்காவது தடவை குத்தியபோது மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஊரே கத்தினாலும் அந்தக் குரல் எனக்குத் தனியாகக் கேட்கும். அது முதன்முதலில் அழுததைக் கேட்டவள் நான். பக்கத்தில் இருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னான்: "பயப்படாதீங்க, அவ தாங்குவா. நான் பழக்கின உடம்பு அது."

அவர்கள் சிரித்தார்கள். ஐந்தாவது குத்து உன் மூக்கில் விழுந்தது. நீ தாங்கினாய். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. நீ ஜெயிப்பாய் என்று எனக்கும் தெரியும். ஆனால் நீ நின்றுகொண்டே இருந்தால் அவன் சொன்னது நிஜமாகிவிடும் என்று தோன்றியது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த நீலச் சட்டையைத் தீய்த்தவள் நான். உன் அம்மா இல்லை. மேஸ்திரி மேல் இருந்த கோபத்தில் கவனம் பிசகிவிட்டது. யார் தீய்த்தது என்று அவன் கேட்டபோது உன் அம்மா என்னைப் பார்த்தாளே, அப்போது "நான்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னை அவன் அடித்திருக்க மாட்டான். வாய் எழவில்லை. மூன்று அறை விழும்வரை பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு தடவை தாமதித்து ஒரு காது போனது. இரண்டாம் தடவை என் கையில் துண்டு இருந்தது.

உன் வெற்றியைக் கெடுத்தேன். அதற்கு என்ன வேண்டுமானாலும் சொல். வாங்கிக்கொள்கிறேன்.

உன் பாட்டி

*

ஆகஸ்ட் 30

அன்புள்ள பாட்டிக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று செய்தியில் பார்த்திருப்பாய். பெரிய போட்டி, பெரிய பதக்கம். இறுதி ஆட்டத்தில் இடது கண் மூடிக்கொண்டது. கடைசிச் சுற்று முழுக்க ஒற்றைக் கண்ணில் ஆடினேன். அவள் எங்கிருந்து குத்துகிறாள் என்று காதால் கேட்டேன் என்றால் நம்புவாயா?

அவர் வந்திருந்தார். அப்பா. மாலையோடு முன்வரிசையில். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். முடியெல்லாம் நரைத்துவிட்டது. பத்திரிகைக்காரர்களிடம் என்னை அவர்தான் கண்டிப்போடு வளர்த்ததாகச் சொன்னார். முழங்கையில் இருக்கும் தழும்பைக் காட்டி, எனக்காக உழைத்ததில் வந்தது என்றார். அது படத்தோடு வந்திருக்கிறது.

அடுத்த மாதம் பாராட்டு விழா. அவரை மேடையில் உட்கார வைக்கச் சொல்கிறார்கள். பிறகு வீட்டுக்கு வந்து உன் காலில் விழுகிறேன் என்கிறார். "உங்க பாட்டி ஒரு வார்த்தை சொன்னா உங்கம்மாவும் மனசு மாறுவா" என்றார். எனக்குக் குழப்பமாக இருக்கிறது பாட்டி. எத்தனையோ பேரை அடித்துவிட்டு ரிங்கிலேயே கட்டிப்பிடித்துக்கொள்கிறேன். இவரை மட்டும் ஏன் முடியவில்லை? மன்னித்துவிடலாமா? நீ சொன்னால் செய்கிறேன்.

துண்டு விஷயத்தில் எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அடுத்த ஆட்டத்தில் என் மூலைக்குப் பின்னால் ஒரு முக்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.

முரட்டுக்குட்டி

*

செப்டம்பர் 11

என் முரட்டுக்குட்டிக்கு,

முக்காலிக்கு வருகிறேன். துண்டை மடியில் வைக்க மாட்டேன், கவிழ்த்த வாளிக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்கிறேன். முக்காலியை ஓட்டைப்பல்லனுக்குக் கொடு.

படத்தைப் பார்த்தேன். உழைத்ததில் வந்த தழும்புதான், பொய் இல்லை. உழைத்தவள் நான்.

உன் கடிதத்தை உன் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பதக்கம், கண் எல்லாம் வலது காதைக் கொடுத்துக் கேட்டாள். அவன் வீட்டுக்கு வருகிற இடம் வந்ததும் தலையைத் திருப்பி இடது காதை என் பக்கம் வைத்துக்கொண்டாள். அவள் பதில் அது. அதற்கு மேல் அவளிடம் நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

சட்டையைத் தீய்த்தது நான்தான் என்று அவளிடமும் சொல்லிவிட்டேன். "எனக்கு அன்னைக்கே தெரியும் அத்தை, சாப்பிட வாங்க" என்றாள். பதினாலு வருஷமாக நான் விழுங்கிக்கொண்டிருந்ததை அவள் ஒரு கரண்டியில் எடுத்துப் போட்டுவிட்டாள்.

நீ மன்னிக்கலாமா என்று கேட்டாய். சின்ன வயதில் அவனிடம் நீ வாங்கிய அடி உன்னுடையது. அதை நீ மன்னித்தால் நான் குறுக்கே வரமாட்டேன். மேடையில் உட்கார வைப்பதானாலும் வை. ஆனால் நான் ஒரு வார்த்தை சொல்லி உன் அம்மாவின் மனதை மாற்ற மாட்டேன். அவள் காதுக்கு நான் சொந்தக்காரி இல்லை.

என் பக்கத்துக்கு யோசித்துப் பார்த்துவிட்டேன். உன்னைக் குத்திய ஒட்டவெட்டின முடிக்காரியை மன்னித்தேன், அவள் அம்மா அழுதாள் என்று எழுதினாயே, அதற்காக. கொட்டாவி விட்ட டாக்டரம்மாவையும் விட்டுவிட்டேன். மாஸ்டரை, என்னைக் காட்டிக்கொடுத்ததற்கு, அடுத்த வாரம் மன்னிப்பேன். மூன்றாம் வரிசையில் சிரித்தவர்கள் யார் எவர் என்று தெரியாது, தெரிந்தால் பார்த்துக்கொள்ளலாம். மேஸ்திரி கழுத்து ஆறி வேலைக்கு வந்துவிட்டான், அவனும் போகட்டும்.

கண்ணுக்கு மருந்து விட்டுக்கொள். கையுறையில் ரத்தம் பட்டால் வெந்நீர் ஊற்றாதே, கறை தங்கிவிடும். பச்சைத் தண்ணீர்தான்.

உன் பாட்டி

கையெழுத்துப் போட்ட பிறகு ஒன்று தோன்றியது. எல்லாக் கடிதத்திலும் உன் அப்பன், உன் அப்பன் என்று எழுதி அவனை உன் தலையில் கட்டிவிட்டேன். அது நியாயமில்லை. அவனைப் பெற்றது நீ இல்லை. பத்து மாதம் சுமந்து, பேர் வைத்து, முதல் அடி எடுத்து வைத்தபோது தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடியவள் நான். ஆகவே மன்னிக்காத ஒருவனை அவன் முறையோடேயே எழுதிவிடுகிறேன்.

என் மகன்.