உனக்குச் சொல்லாமல் விட்ட ஒன்பது நாள்

சேலையூர், தாம்பரம் கிழக்கு
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள தமிழினிக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம் என்று பொய்யில்லாமல் எழுத முடிகிற நாள் வரட்டும் என்று காத்திருந்ததில்தான் இந்தக் கடிதம் இவ்வளவு தாமதம். இன்று காலை அம்மா லிஃப்ட் வேண்டாம் என்று சொல்லி இரண்டு மாடி ஏறி வந்தாள், நடுவில் ஒரு தடவைதான் நின்றாள், அந்தத் தைரியத்தில் பேனாவை எடுத்தேன். ராய்ப்பூரில் வெயில் ஆரம்பித்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள், நீ எப்படி இருக்கிறாய், ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, வார்டு முடிந்து நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்ற கவலை எப்போதும் உண்டு. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள், நீயும் ரவுண்ட்ஸ் நடுவில் சீக்கிரம் சொல்லுப்பா என்பாய், எனக்கு வரிசையாகச் சொல்ல வராது. இதை உட்கார்ந்து கடைசிவரை படி. இப்போது பயப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயம் எனக்குத்தான் இன்னும் போகவில்லை.

பொங்கல் கழிந்ததிலிருந்தே அம்மாவுக்கு வறட்டு இருமல், சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல். ரோட்டுத் தூசி என்று நினைத்தோம். பக்கத்துக் கிளினிக்கில் வீசிங் என்று இன்ஹேலர் கொடுத்தார்கள், அப்புறம் சளி கட்டியிருக்கிறது என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், இரண்டு தடவை சரியாகிவிட்ட மாதிரி இருந்து திரும்பவும் வந்தது. மார்ச் இரண்டாம் வாரம் ஒரு காலையில் குளித்துவிட்டு வந்தவள் புடவையைக் கட்டி முடிக்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள், உதடு நீலமாக இருந்தது. ஆட்டோவில் ஏற்றி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒன்பது நாள் இருந்தோம். நீ ஒரு டாக்டர், உன்னிடம் சொல்லவில்லை. அம்மாதான் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு, புதன்கிழமை அவளுக்குக் காலேஜில் ப்ரொமோஷன் இன்டர்வியூ, சொன்னால் கிளம்பி வந்துவிடுவாள் என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். நீ கூப்பிட்டபோதெல்லாம் அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள், படுத்திருக்கிறாள், போனைச் சார்ஜில் போட்டிருக்கிறாள் என்று புளுகினேன். ஆராய்ச்சிப் பேப்பர் போதவில்லை என்று இந்தத் தடவையும் தள்ளிவிட்டார்கள் என்று நீ சொன்னாயே, அதை நான் வார்டு வராந்தாவில் நின்றுதான் கேட்டேன். உள்ளே போனதும் என்ன ஆச்சு என்று அம்மா கண்ணாலேயே கேட்டாள். நல்லா பண்ணியிருக்காளாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு நீ, "பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்தத யாருமே ஒரு வேலையா பாக்கலப்பா, ரிசைன் பண்ணிடலாமான்னு இருக்கு" என்றாய். உன் குரல் உடைந்திருந்தது. ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. ஏனென்றால் அதற்கு ஒரு மாதம் முன்பே உன்னைக் கேட்காமல் உன் பயோடேட்டாவைக் குரோம்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தேன். திருமுடிவாக்கம் ஃபேக்டரியில் என்னோடு இன்ஸ்பெக்‌ஷனில் வேலை பார்த்த சிட்டிபாபுவுக்கு அங்கே மேனேஜரைத் தெரியும். ஜூன் மாதம் வந்து சேர்ந்துவிடுவாள் என்று உன் சார்பில் நானே வாக்கும் கொடுத்துவிட்டேன். முப்பது வருஷம் மற்றவர்கள் செய்த மெஷின் பாகத்தை அளந்து பார்த்தே பிழைத்தவன் நான், ஒரு வேலைக்கு அளவு இல்லை என்றால் அது வேலையே இல்லை என்றுதான் எனக்குப் படும். நோயாளியைப் பார்த்தோமா வீட்டுக்கு வந்தோமா என்று இல்லாமல் இவள் எதற்கு ஊரார் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஓய்ந்துபோகிறாள் என்று அம்மாவிடம் எத்தனை தடவை புலம்பியிருக்கிறேன், அவளைக் கேள்.

ஆஸ்பத்திரியில் நாங்கள் இருந்த யூனிட் டாக்டர் பெயர் ஸ்நேகா, நாற்பது வயது இருக்கும். காலையில் வந்தால் பின்னாலேயே ஏழெட்டு ஸ்டூடண்ட்ஸ். அதில் பிளஸ்ஸி என்று கடைசி வருஷம் படிக்கிற ஒரு பெண் முதல் நாளே வந்து அம்மாவிடம் என்னென்னவோ கேட்டு எழுதிக்கொண்டு போனாள். மறுநாள் கட்டில் பக்கத்தில் நின்று அத்தனையும் ஒப்பித்தாள். டாக்டர் எல்லாம் கேட்டுவிட்டு, இவங்க காலையில எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் என்ன பண்றாங்க என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்து கேட்டு வா என்றார். அம்மா அப்போது நாலு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை, வார்டே கேட்கிற மாதிரி சத்தம் போட்டுவிட்டேன். "எங்க வீட்டம்மா மூச்சு வுட முடியாம கெடக்கறாங்க, நீங்க அவங்கள வச்சு கிளாஸ் எடுத்துகினு இருக்கீங்க. அவங்க என்ன கரும்பலகையா?" என்று கேட்டேன். அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. டாக்டர் மட்டும் அசையவில்லை. "மருந்து எதுவும் நிக்கல சார். ஸ்கேனுக்கும் எழுதிட்டேன். ஆனா ஏன் திரும்பத் திரும்ப வருதுன்னு எனக்கும் தெரியல. எனக்கு இன்னும் முப்பது பேரைப் பாக்கணும், இவ அரை மணி நேரம் உக்காருவா. அம்மாவுக்கு வேணாம்னா இப்பவே நிறுத்திடறேன்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மா கையைத் தூக்கி, கேக்கட்டும் என்றாள்.

பிளஸ்ஸி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவசரப்படுத்தவே இல்லை, அம்மா நிறுத்தினால் அவளும் காத்திருந்தாள். நானும் எங்கும் போகாமல் காவல் மாதிரி நின்றேன். அம்மா ஐந்து மணிக்கு எழுந்து பின்பக்கப் பால்கனியைத் திறப்பாள், புறா எச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டுவாள், புறாக்களுக்குக் கம்பு போடுவாள், அப்புறம்தான் காப்பி. இது உனக்கும் தெரியும். நீ ராய்ப்பூர் போன பிறகு தொடங்கிய பழக்கம், இப்போது முப்பது புறாவுக்கு மேல் வருகிறது. ஊருக்குப் போயிருந்த நாளில் இருமல் எப்படி இருந்தது என்று அந்தப் பெண் கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காஞ்சிபுரம் கல்யாணத்துக்குப் போன ஐந்து நாளும், உன் சித்தி வீட்டில் இருந்த ஒரு வாரமும்தான் அவள் இருமாமல் இருந்தாள். மருந்து வேலை செய்தது என்றே நான் நினைத்திருந்தேன். பிளஸ்ஸி நோட்டைக்கூட எடுக்காமல் டாக்டரைத் தேடி ஓடினாள். வீட்டை விட்டுப் போனால் இருமல் இல்லை என்றால் புறாவாக இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்பட்டார், அப்புறம் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் அதையே காட்டின, புறா எச்சத்தின் தூசி நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ளாமல் வருகிற நோயாம், உனக்குப் பெயர் தெரிந்திருக்கும். அதே பால்கனியில் உட்கார்ந்து தினமும் பேப்பர் படிக்கிற எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அவளுக்கு மட்டும் ஆகியிருக்கிறது. ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்த நாலாம் நாள் ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள்.

டிஸ்சார்ஜ் அன்று டாக்டரிடமும் அந்தப் பெண்ணிடமும் மன்னிப்புக் கேட்டேன். உன்னைப் பற்றியும் சொன்னேன், இரண்டு தடவை தள்ளிவிட்டார்கள், வேலையை விடுகிற யோசனையில் இருக்கிறாள் என்று. அவர் டிஸ்சார்ஜ் பேப்பரில் கையெழுத்துப் போட்டு முடித்தார். பிறகு, "எனக்கும் ரெண்டு தடவை அப்படி ஆச்சு சார். சொல்லிக் கொடுக்கறத அவங்க அங்க தனியாவா பண்றாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை தமிழினி. நாலு வருஷமாக உன்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறேன், இதை ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் சொன்னதை எக்ஸ்ரே கவர் மேல் எழுதிக்கொண்டு வந்தேன், எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன். சொல்லிக் கொடுப்பதையே ஆராய்ச்சியாக்கலாமாம், வகுப்புக்கு முன்னால் பிள்ளைகளுக்கு என்ன தெரியவில்லை, பின்னால் என்ன செய்தார்கள் என்று முறைப்படி அனுமதி வாங்கிப் பதிவு பண்ணினால் அதுவே பேப்பராகுமாம். வேறு டிபார்ட்மெண்டில் இதே பைத்தியம் உள்ள இரண்டு பேரையாவது சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். கிளாஸ் எடுக்கிற நேரத்தை டியூட்டி முடிந்த பிறகு என்று வைக்காமல் டியூட்டி அட்டவணையிலேயே எழுதச் சொல்லிக் கேட்க வேண்டுமாம். இதெல்லாம் செய்தால் ப்ரொமோஷன் கிடைத்துவிடுமா என்று கேட்டேன். அப்படி உறுதியெல்லாம் தர மாட்டேன், சில பேருக்குக் கிடைக்காமலே போயிருக்கிறது என்றார். அந்த வார்த்தையையும் கவர் மேலேயே எழுதிக்கொண்டேன்.

போன வாரம் குரோம்பேட்டைக்குப் போய், என் பெண்ணைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன், மன்னிக்கணும் என்று சொல்லி பயோடேட்டாவைத் திரும்ப வாங்கி வந்தேன். சிட்டிபாபு என்னோடு பேசுவதில்லை. உனக்கு அங்கே வர விருப்பமிருந்தால் நீயே கேட்டுக்கொள்ளலாம், நான் தடுக்கவில்லை. உன் பெயரில் நான் கொடுத்த வாக்கை மட்டும்தான் எடுத்துக்கொண்டேன். செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை, நாளைக்கே நீ வேலையில்லாமல் வந்து நின்றால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் ஓடுகிறது. எப்படியானாலும் கோபமாக இருக்கிற வாரத்தில் ராஜினாமா எழுதாதே, அவ்வளவுதான் கேட்கிறேன்.

பால்கனிக்கு வலை அடித்தாகிவிட்டது. அம்மா மூடிய கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று எதிர் பிளாட் ஏ.சி. மேல் உட்காருகிற புறாக்களை எண்ணுகிறாள். மாத்திரையால் முகம் உப்பியிருக்கிறது, சுகர் ஏறியிருக்கிறது. நுரையீரல் அடிப்பக்கம் லேசாகத் தழும்பு விழுந்திருக்கிறது, அது எவ்வளவு தூரம் சரியாகும் என்பதை இரண்டு மாதம் கழித்து மூச்சுப் பரிசோதனை செய்துதான் சொல்வார்களாம். ரிப்போர்ட் எல்லாம் படம் எடுத்து வைத்திருக்கிறேன், நீ இதைப் படித்துவிட்டேன் என்று சொன்னதும் அனுப்புகிறேன். டாக்டர் ஸ்நேகாவின் நம்பர் பின்பக்கம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மேல் கூப்பிடச் சொன்னார். கூப்பிடு, கூச்சப்படாதே. நீ தொட்ட காரியம் துலங்கட்டும், உடம்பும் மனசும் தெம்பாக இருக்கட்டும் என்று நானும் அம்மாவும் வேண்டிக்கொள்கிறோம். மறைத்ததற்குத் திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு, அம்மாவைத் திட்டாதே. அவளுக்கு இன்னும் நீளமாகப் பேச மூச்சுப் போதவில்லை. அவளுக்குப் போன் பண்ணும்போது நீ பேசு, அவள் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

உன் அப்பா,
ஏகநாதன்