மூன்று நாள் புகை

பாச்சலூர்,
மே 18

அன்பு அத்தானுக்கு லீமா எழுதுவது.

மாதா தயவில் நானும் நம் மகள் கேத்தரினும் சுகம். நிலாவில் உங்களுக்கு மூச்சுக் கவசம் இன்னும் கழுத்தை உறுத்துகிறதா? உள்ளே பருத்தித் துணி வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே இந்தத் தடவை மிளகு நன்றாகக் காய்த்தது. மேலிடத்தார் வானத்திலிருந்து வந்திறங்கி ஏழு வருடம் ஆகிறது. இந்த மலையில் பசி என்று ஒருவர் சொல்லிக் கேட்டு வெகுநாளாயிற்று. அதை மறைத்து எழுத மாட்டேன்.

போன வாரம் ஒரு விசேஷம். அவர்கள் கண்ணுக்கு ஆகாதென்று மலையில் புகையே போடக்கூடாது என்று உத்தரவு இருக்கிறதல்லவா? பாறைத் தேன் எடுக்கும் நம் அழகன் அதை மீறிப் புகை போட்டுவிட்டார். அரை மணி நேரத்தில் அவர்களுடைய வண்டி வந்து இறங்கியது. பள்ளிக்கூட டீச்சர் என்று என்னையும் சாட்சிக்கு அழைத்தார்கள். அழகனின் மனைவி பழனியம்மாள் என் கையை விடவே இல்லை. போன வருடம் உத்தரவை மீறிய இருவர் இன்னும் வீடு திரும்பவில்லையே.

ஏன் மீறினாய் என்று அவர்களுடைய ஒன்பதடி உயர அதிகாரி, தமிழ் பேசும் பெட்டி வழியாகக் கேட்டார். அழகன் தலை குனியவில்லை. "எந்த உசுரையும் கொல்லக்கூடாதுன்னு நீங்கதானேங்க மொதச் சட்டம் போட்டீங்க? புகை போட்டா தேனீ வெலகிப் போயிரும். போடலைன்னா கொட்டும். கொட்டுன ஈ செத்துப்போகுங்க. நான் எந்தச் சட்டத்த மீறட்டும்?" என்றார்.

தேனே எடுக்க வேண்டாம், உணவுதான் நாங்கள் தருகிறோமே என்றது பெட்டி.

"நீங்க குடுக்குறது சோறுங்க. இது எங்க சோலி."

அதிகாரி குனிந்து அழகனின் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு, வருடத்தில் இரண்டு நாள் புகை போடலாம் என்றார். உடனே பழனியம்மாள், ஒட்டன்சத்திரம் சந்தையில் நிற்பவள்போல, "மூணா வச்சுக்கங்க" என்றாளே பார்க்கலாம்! மூன்று என்று பெட்டி ஒப்புக்கொண்டது.

அன்றைக்கு ஊரே தேன் தின்றது. கேத்தரினுக்குத் தலைமுடியெல்லாம் பிசுபிசுப்பு.

அத்தான், நிலாவில் உங்கள் வேலையை மேலிடத்தார் இன்னும் ஐந்து வருடம் நீட்டித்துவிட்டார்கள், அவர்களிடம் கேட்டுப் பயனில்லை என்று எழுதியிருந்தீர்கள். சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். என் கண்ணால் பார்த்தேன். நீங்கள் கேட்டுப் பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை. இனிமேலாவது கேளுங்கள். பேச வாயெடுக்கும்போது மாதா உங்கள் பக்கத்தில் நிற்கட்டும்.

உங்கள்,
லீமா